பார்க்காமல் கிளம்பப் பழகியது: என் ஓசிடி சிகிச்சை

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி ஓடிவந்து பார்த்தால் மூடித்தான் இருக்கும். மறுபடி பூட்டினால் மறுபடி அதே சந்தேகம். மனநல மருத்துவர் இதை ஓசிடி என்றார்; வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை. மாத்திரை எழுதிக்கொடுத்து, மருத்துவ உளவியலாளர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்.

அப்பா இறந்த சமயத்தில் கவுன்சிலிங் போயிருக்கிறேன். அந்தத் துக்கத்துக்கு மனம்விட்டுப் பேசுவதே மருந்தாக இருந்தது. ஆனால் எவ்வளவு பேசியும் இந்தச் சந்தேகம் மட்டும் அசையவில்லை. இந்த உளவியலாளர் என் சின்ன வயசுக் கதையை அதிகம் கிளறவில்லை. “சந்தேகம் வரட்டும், நீங்கள் போய்ப் பார்க்காதீர்கள்” என்றார். பயத்தை நேரே எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் இஆர்பி (ERP) என்கிற இந்த முறைக்கு 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் அடித்தளம் போட்டார்.

முதலில் ஒரு பயப் பட்டியல் போட்டோம், 0 முதல் 100 வரை. ஃபேன் சுவிட்சைப் பார்க்காமல் கிளம்புவதற்கு 30. வீட்டில் ஆளில்லாதபோது ரெகுலேட்டரை ஒரே முறை மூடிவிட்டுக் கிளம்புவதற்கு 95. கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறினோம். தடவிப் பார்க்கக் கூடாது, போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நோட்டில் பதற்றத்தின் அளவை எழுதுவேன். 80 என்று எழுதும்போது கை வியர்த்துப் பேனா வழுக்கும். “கண்டிப்பா மூடியிருப்பேன்” என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வதற்கும் தடை. மூடாமலும் இருந்திருக்கலாம் என்று அப்படியே விட்டுவிட வேண்டும். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் பதற்றம் தானாகவே இறங்குவதை அந்த நோட்டிலேயே பார்த்தேன்.

உளவியலாளர் அம்மாவையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசினார். “மூடினேன்தானேம்மா?” என்று நான் கேட்கும்போதெல்லாம் “மூடிட்ட கண்ணு, போ” என்பார் அம்மா. அந்தப் பதிலே நோய்க்குத் தீனி என்று விளக்கினார். அதன்பிறகு நான் கேட்டால், “இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்டா” என்று அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது.

சந்தேகம் இப்போதும் எட்டிப் பார்க்கிறது. நான் பஸ் ஏறிவிடுகிறேன். மருத்துவர் சொன்னபடி மாத்திரையும் தொடர்கிறது.

இதே அவஸ்தையில் இருப்பவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, “ஓசிடிக்கு இஆர்பி செய்வீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.