மைக்குக்கு யாரும் செலவழிப்பதில்லை

ராமேஸ்வரம் போகும் வழியிலுள்ள மண்டபம் ஊருக்குப் பக்கத்து நண்டுக் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டு வாங்குநர்களுடன் நடக்கும் காணொளிக் கூட்டங்களை ஏற்பாடு செய்வது என் வேலைகளில் ஒன்று. கூட்டம் என்றதும் முதலாளி கேட்பது கேமராவைப் பற்றித்தான். பெரிய டிவி, புதுக் கேமரா, பின்சுவரில் கம்பெனிப் பெயர் எல்லாம் தயாராகிவிடும். ஒலிக்கு மட்டும் மடிக்கணினியோடு வந்த மைக். அதுவும் மேஜையின் அந்தக் கோடியில், மின்விசிறிக்கு நேர் கீழே. படம் மங்கியதால் முறிந்த பேரத்தை நான் பார்த்ததில்லை. ஒலி கெட்டால், "மின்னஞ்சலில் பேசிக்கொள்வோம்" என்று சீக்கிரமே எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.

முகம் தெரிவதுதான் பெரிது என்ற நினைப்பு புதிதல்ல. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படத் தொலைபேசியைக் காட்டியது, கூட்டம் அலைமோதியது. 1970-இல் பிட்ஸ்பர்க்கில் மாதம் 160 டாலருக்கு விற்க வந்தபோது வாங்கியவர்கள் மிகச் சிலரே.

அடுத்தது இணைய வேகம். "100 எம்பிபிஎஸ் போட்டிருக்கிறோமே, பிறகு ஏன் உறைகிறது?" என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இறக்க வேகம் (டவுன்லோட்). நம் முகமும் குரலும் போவது ஏற்ற வேகத்தில் (அப்லோட்). அதைவிட முக்கியம், அந்த வேகம் ஒரே சீராக இருப்பது. கோப்பு அனுப்பும்போது வழியில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நேரடிப் பேச்சில் பிந்தி வரும் அசையால் பயனில்லை என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்படித் தொலைவது எண்ணின் வாலாக இருந்தால் தீர்ந்தது: தேர்ட்டீனா, தேர்ட்டியா? நண்டுச் சதை ஒரு பவுண்டு டின்களில், டாலர் கணக்கில் போகிற தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. வாயால் சொன்ன விலையை அந்த நிமிடமே எழுத்திலும் தட்டிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

குரலுக்குத் தேவைப்படும் இடமோ மிகக் கொஞ்சம். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிக்குறியாக்கம், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, நொடிக்குச் சில பத்து கிலோபிட்டிலேயே பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோய்விடும். துல்லியமான படம் அதைப்போல் பல மடங்கு விழுங்கும். வாடைக்காற்றும் மழையுமாக இணைப்பு தள்ளாடும் நாளில் படத்தை அணைத்துவிடுங்கள் என்றால், "மரியாதையாக இருக்காதே" என்கிறார்கள். பாதிப் பேச்சை விழுங்கிவிட்டு உறைந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது எந்த வகை மரியாதை?

பணம் போகிற இடம் தாமதம். 2009-இல் 10 மொழிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக ஏறக்குறைய 0.2 நொடி என்று தெரிந்தது. கடற்கரை ஏலத்தில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். விலை கேட்டதும் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள். எங்கள் வாங்குநர்கள் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரை இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. நேர்கோட்டில் இழை போட்டாலும் போய்த் திரும்ப 0.13 நொடி, கேபிள் சுற்றும் சுற்று, கணினிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் அதற்கு மேல். எந்த இணையப் பிளானும் இதைக் குறைக்காது. முதலாளி விலை சொல்வார். அங்கே மௌனம். அது தயக்கம் என்று நினைத்து அவரே கொஞ்சம் இறக்குவார். முதல் விலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய "சரி" அப்போதுதான் வந்து சேரும், இறக்கிய விலையின் மேல்! தாமதம் 1.2 நொடியை எட்டும்போது எதிரில் பேசுபவரையே கவனக் குறைவானவர், அவ்வளவு நட்பில்லாதவர் என்று எடைபோடுகிறார்கள் என ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சொல்கிறது. குறை கம்பியில், பழி ஆள்மேல்.

கண்ணால் பார்த்ததை நம்பலாம் என்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவான நம்பிக்கை. ஒரு முறை, சதைத் தட்டை நேரலையில் காட்டச் சொன்னார் வாங்குநர். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, மறுபக்கம் ஜன்னல் வெளிச்சம். எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று கொள்வது என்பதைக் கேமரா தானாகவே முடிவு செய்துகொள்ளும். அது விளக்கின் பக்கம் சாய்ந்தது. ஜன்னல் ஓரத்துச் சதையில் நீலம் ஏறியது. பதப்படுத்திய நண்டுச் சதையில் நீலம் பாய்வது உண்மையிலேயே ஒரு தரக்குறை என்பதால் அவர் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க, நண்டு உடைக்கும் பெண்களின் மேற்பார்வையாளர் அக்கா பின்னால் இருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இரைச்சல் நீக்கும் மென்பொருள், ஐஸ் உடைக்கும் சத்தத்தோடு அவர் குரலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கடைசியில் அவரே வந்தார். கையுறையைக் கழற்றினார். கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தாளும் அதே நீலத்தில் தெரிந்தது. வாங்குநர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து தாள் இல்லாமல் தட்டு திரைக்கு வருவதில்லை. ஆனாலும் தாள் தீர்க்காத சங்கதிகள் உண்டு. காணொளியைச் சுருக்கும்போது வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுவிடுகிறார்கள். வெள்ளைச் சதைக்குள் கிடக்கும் வெளிறிய ஓட்டுத் துணுக்கை அதில் கண்டுபிடிக்க முடியாது. அக்காவின் விரல் நுனி கண்டுபிடிக்கும். வாசனை போகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பயணம் மிச்சம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நேரம் மிச்சம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்குக் காலை 8 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பார், பெரும்பாலும் நாம்தான்.

2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், ஐந்து நாடுகளின் பொறியாளர்கள் இரண்டிரண்டு பேராக யோசித்தபோது, நேரில் இருந்தவர்களுக்கே அதிக யோசனைகள் தோன்றின. தோன்றியவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் திரையில் இருந்தவர்கள் பின்தங்கவில்லை. எங்கள் வழக்கமும் இப்போது அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. முடிவு செய்ய வேண்டியவை திரைக்கு. புதுச் சரக்கு, புது டின் அளவு போன்ற பேச்சுகள் வாங்குநர் நேரில் வரும்வரை ஒரு நோட்டில் காத்திருக்கும். முதலாளியிடம் ஒரு நல்ல மேஜை மைக்கும் கேட்டிருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை. இதற்கிடையில் டிவியை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்.