ஏழாம் லெவல்

ஜூன் 5, 2024, புதன்

தடைக்காலம் முடியப் பத்து நாள்கூட இல்லை. விசைப்படகுகள் எல்லாம் கடலூர் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. எங்கள் மீன் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் ஆள் நடமாட்டமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான இந்த 61 நாளில்தான் நான் நெட்வொர்க்கில் நிம்மதியாகக் கை வைக்க முடியும். படகு கடலுக்குப் போய்விட்டால், லேபிள் பிரின்டர் ஐந்து நிமிஷம் நின்றாலும் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து நிற்பார்.

கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டிதான் ஸ்விட்ச். மொத்தம் ஆறு, எல்லாம் சிஸ்கோ கம்பெனியுடையவை. ஆறுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் யாரோ புண்ணியவான் ரேக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். சிசிடிவிக்காரருக்குத் தெரியும், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குத் தெரியும், வேலையை விட்டுப் போன ஸ்டோர்ஸ் ஆளுக்கும் தெரியும். நேற்று இந்த போர்ட்டை, அதாவது கேபிள் சொருகும் வாயை, யார் மாற்றியது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது, ஸ்விட்ச் உட்பட.

இன்று வெளிர்நீலக் கன்சோல் கேபிளை மாட்டி, புட்டி என்ற புரோகிராமில் வேகம் 9600 என்று வைத்து ஒவ்வொன்றாக உள்ளே போனேன். உப்புக் காற்றில் சில பிளக்குகளின் செப்பு பச்சை பூத்துவிட்டது. ஐந்து ஸ்விட்சில் பார்க்க மட்டும் விடும் '>' வந்தது, 'எனேபிள்' அடித்து பாஸ்வேர்டு கொடுத்ததும் மாற்றவும் விடும் '#' ஆனது. பேக்கிங் ஹாலில் இருக்கும் ஆறாவது மட்டும் வழிவிடவில்லை. முன்பு வேலை செய்த வெண்டர் போகிற போக்கில் மாற்றியிருப்பார்.

ஜூன் 7, வெள்ளி

ஆறாவதைத் திறந்தாயிற்று. அது 2960 ரகம். கரன்ட்டை நிறுத்தி, முன்பக்கம் இருக்கும் 'மோட்' பட்டனை அழுத்திக்கொண்டே திரும்பக் கொடுத்தால், பாதியிலேயே நின்று 'ஸ்விட்ச்:' என்று மட்டும் காட்டும். அங்கே 'ஃபிளாஷ்_இனிட்' அடித்து, செட்டிங்கும் பாஸ்வேர்டும் இருக்கும் 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு 'பூட்' கொடுக்க வேண்டும். ஃபைல் காணவில்லை என்பதால், கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல, பாஸ்வேர்டே கேட்காமல் எழுந்து உட்காரும். 'எனேபிள்' அடித்து '#' வந்த பிறகு பழைய பெயரைத் திருப்பி வைத்து அந்த ஃபைலை நினைவகத்தில் ஏற்றினால், பழைய செட்டிங் எல்லாம் வந்துவிடும். நாம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் புதிய பாஸ்வேர்டு வைக்கத் தடையில்லை.

இதைச் செய்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. எனக்கு ஆகும் என்றால் யாருக்கும் ஆகும். முதல் வேலையாக ரேக்குக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கினேன்.

உள்ளே பார்த்தால், பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றி வைக்கும் 'எனேபிள் சீக்ரெட்' இல்லை, அப்படியே எழுத்தாக வைக்கும் 'எனேபிள் பாஸ்வேர்டு' மட்டும் இருந்தது. அதைக் கொஞ்சம் கோணல்மாணலாகக் காட்டும்படி 'சர்வீஸ் பாஸ்வேர்டு-என்க்ரிப்ஷன்' போட்டிருந்தார்கள். ஏழு என்ற எண்ணோடு தெரியும் அந்த வகையைப் பழையபடி எழுத்தாக மாற்ற ஒரு நொடி போதும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைக்கலாம், அவ்வளவுதான். தூரத்திலிருந்து உள்ளே வரும் வழிகளில், பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டும் திறந்தே இருந்தது. அதை மூடி, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் மட்டும் விட்டேன்.

ஜூன் 8, சனி

ஸ்விட்சில் யாருக்கு எந்த அனுமதி லெவல் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். சிஸ்கோவில் 0 முதல் 15 வரை பதினாறு படி. ஆனால் பெட்டியிலிருந்து வரும்போது புழக்கத்தில் இருப்பவை மூன்றுதான். பூஜ்யத்தில் உள்ளே வந்து வெளியே போக மட்டும் நாலைந்து கமாண்ட். ஒன்றில் பார்க்கலாம், மாற்ற முடியாது. 15 என்றால் எல்லாம். நடுவே 2 முதல் 14 வரை காலி மனை. நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

சிசிடிவிக்காரருக்குத் தன் கேமரா போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அவருக்கு 1. நைட் ஷிஃப்ட் தம்பிக்கு அதற்கு மேல் வேண்டும். தராசோ பிரின்டரோ மக்கர் செய்தால் அந்த போர்ட்டை ஒருமுறை 'ஷட்டவுன்' என்று அணைத்து, 'நோ ஷட்டவுன்' என்று திரும்ப எழுப்பினால் பல நேரம் சரியாகிவிடும். இதற்காக ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் தூங்குகிற என்னை எழுப்ப வேண்டியதில்லை. அவனுக்கு 7. எனக்கு 15.

மேனேஜர் தாளைப் பார்த்தார். "எனக்கு எங்கப்பா?"

"உங்களுக்கு ஒன்னு போதும் சார்."

"நான் மேனேஜர், உனக்கு பதினஞ்சு, எனக்கு ஒன்னா?"

கோல்டு ஸ்டோரேஜ் கம்ப்ரஸர் ரூம் சாவி உங்களிடமா இருக்கிறது, ஆபரேட்டரிடம்தானே என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் தாளில் தன் பெயருக்கு நேரே பேனாவால் 15 என்று எழுதிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று இரண்டு சொதப்பல். இரண்டும் என்னுடையவை.

தூரத்திலிருந்து ஸ்விட்சில் வேலை செய்தால் 'ரீலோடு இன் 15' போட்டுவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். ஏடாகூடமாக எதையாவது அடித்து வெளியே தள்ளப்பட்டாலும், பதினைந்து நிமிஷத்தில் அது தானே அணைந்து எழுந்து, கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும். வேலை சரியாக முடிந்தால் 'ரீலோடு கேன்சல்' அடிக்க வேண்டும். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் காலையிலிருந்து அடித்தது எல்லாம் போயிருந்தது.

மறுபடி உட்கார்ந்து அடித்தேன். தம்பிக்காக, இப்போது ஓடும் செட்டிங்கைக் காட்டும் 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' (சுருக்கமாக 'ஷோ ரன்') கமாண்டை ஏழாம் லெவலுக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் சிசிடிவிக்காரர் போன். "சார், எனக்கு ஷோவே வேலை செய்யல." நம்பவில்லை, போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கமாண்டை ஏழுக்கு நகர்த்தினால், அதன் முன்பாதியான 'ஷோ' என்ற சொல்லும் சேர்ந்து ஏழுக்குப் போய்விடுகிறது. ஒன்றாம் லெவல்காரருக்கு அந்தச் சொல்லே மறந்த மாதிரி. 'ஷோ'வை மட்டும் தனியாக ஒன்றாம் லெவலுக்கு இறக்கி வைத்ததும் சரியானது. ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தால் இன்னொரு பக்கம் பறிக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். எதிலும் முழுதாக அடிக்க வேண்டாம், பாதியில் டேப் தட்டு, தெரியாவிட்டால் கேள்விக்குறி போடு என்றேன். அவன் 'ஷோ'வைத் தப்பாக அடித்து என்டர் தட்டினான். ஸ்விட்ச் அதை ஏதோ கம்ப்யூட்டர் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விட்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்துத் தட்டி நிறுத்தினேன். அப்புறம் அந்தத் தேடலையே 'நோ ஐபி டொமைன்-லுக்அப்' போட்டு அணைத்தேன்.

உள்ளே வந்ததும் '#' வருவதைப் பார்த்து அவனுக்குப் பெருமை. "அண்ணே, நானும் அட்மின்தானா?" இரண்டாம் லெவலிலிருந்தே '#'தான் காட்டும், நீ எதில் இருக்கிறாய் என்று 'ஷோ பிரிவிலேஜ்' சொல்லும் என்றேன். அடித்துப் பார்த்தான். 7. முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று படகுகள் கடலுக்குப் போயின. ராத்திரியே முதல் சரக்கு வந்துவிட்டது. 2.10க்கு போன்.

"அண்ணே, ஸ்விட்ச்ல எல்லாம் அழிஞ்சுபோச்சு."

தூக்கம் போய்விட்டது. லேபிள் பிரின்டர் வரவில்லை என்று 'ஷோ ரன்' அடித்திருக்கிறான். போர்ட் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, கீழே விலான் (போர்ட்டுகளைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் எண்) எதுவும் இல்லை, பெயர்க் குறிப்பும் இல்லை. "நீங்க காட்டினப்ப எவ்வளவு இருந்துச்சு!" நான் காட்டியது என் லாகினில். பயந்து 'ரீலோடு' அடித்திருக்கிறான், ஏழாம் லெவலில் அது இல்லை. "பிளக்க புடுங்கட்டுமாண்ணே?"

"கைய எடு!" என்று கத்தினேன். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நேற்று சாயந்திரம்தான் புதிய தராசை 18ஆம் போர்ட்டில் மாட்டி விலான் மாற்றியிருந்தேன். அவசரத்தில், அதைச் சேமிக்கும் 'ரைட் மெமரி' அடிக்கவில்லை. அவன் பிளக்கைப் பிடுங்கியிருந்தால், எதுவும் அழியாத ஸ்விட்சில் நிஜமாகவே ஒன்று அழிந்திருக்கும்.

அழிந்தது எதுவும் இல்லை. ஒருவருக்கு எதை மாற்ற அனுமதி இருக்கிறதோ, அந்த வரிகளை மட்டும்தான் 'ஷோ ரன்' அவருக்குக் காட்டும். விலான் மாற்ற அவனுக்கு அனுமதி இல்லை, அதனால் விலான் வரியே கண்ணில் படவில்லை. '15 வரிகள் உனக்கு மறைக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரியாவது போடக் கூடாதா? போடாது. எனக்கு இது புத்தகத்தில் படித்த ஞாபகம் லேசாக இருந்தது, அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. ரகசியம் காக்கிற புத்திசாலித்தனம்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நிற்கிற பையன் அதை எப்படிப் படிப்பான்?

'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' அடிக்கச் சொன்னேன். பிரின்டர் போர்ட்டுக்கு நேரே 'நாட்கனெக்ட்', இணைப்பு இல்லை. பச்சை பூத்த பிளக். வேறு கேபிள் மாற்றினான், 2.40க்கு லேபிள் ஓடியது.

ஜூன் 18, செவ்வாய்

'ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அது சேமித்த ஃபைலை அப்படியே கொட்டும், லெவல் பார்த்து வடிகட்டாது. அதுவே அதன் ஆபத்தும். பாஸ்வேர்டு வரிகளும் சேர்ந்து வரும். வேண்டாம்.

தம்பியின் லெவலிலிருந்து 'ஷோ ரன்'னை எடுத்து 15க்கே அனுப்பிவிட்டேன். அரைகுறையாகப் பார்ப்பதைவிட அவனுக்கு 'ஸ்டேட்டஸ்' போதும். எந்த போர்ட்டில் எது, எந்த விலான் என்று ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, மார்க்கரில் பாஸ்வேர்டு இருந்த அதே இடத்தில் ஒட்டினேன். மார்க்கர் எழுத்து தின்னர் போட்டுத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை.

18ஆம் போர்ட்டைச் சேமித்தேன். மேனேஜர் கணக்கை 1 என்றுதான் வைத்திருக்கிறேன். அவர் இன்னும் லாகின் செய்து பார்க்கவில்லை.