கிரேக்கத் தேர்வும் அப்புச்சியின் கொறங்காடும்

இறையியல் படிப்பின் முதல் கிரேக்கத் தேர்வில் யோவான் நற்செய்தி 21:15–17 வந்தது. தம்மேல் அன்பாயிருக்கிறாயா என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்டு, முதலில் தம் குட்டிகளையும் பிறகு ஆடுகளையும் மேய்க்கச் சொல்லும் இடம். கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கொண்டாட்டம். அன்புக்கு அங்கே இரண்டு கிரேக்க வினைகள். அகப்பாவோ என்றால் தெய்வீக அன்பு, ஃபிலேயோ என்றால் வெறும் நட்பு; இயேசு பெரியதைக் கேட்கிறார், பேதுருவால் சிறியதைத்தான் தர முடிகிறது. பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனதை இரண்டு பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் இவ்வளவுதான் இருந்தது: "3:35, 5:20 பார்க்க."

பார்த்தேன். யோவானின் அந்த இரண்டு வசனங்களும் பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்கின்றன. முன்னதில் அகப்பாவோ, பின்னதில் ஃபிலேயோ. இயேசு நேசித்த சீடனுக்கும் 13:23இல் ஒரு சொல், 20:2இல் மற்றொன்று. மனிதர் இருளை விரும்பினார்கள் என்கிற 3:19இலும் அகப்பாவோதான். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமார்மேல் கொண்ட மோகத்துக்கும் அதே சொல். தெய்வீகம் எங்கே போயிற்று?

இத்தனைக்கும் நம் வீட்டுத் தமிழ் வேதாகமமே "அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டு, "நேசிக்கிறேன்" என்று பேதுருவைப் பதில் சொல்ல வைக்கிறது. அதைப் படித்துவிட்டு நேசம் அன்பைவிட மட்டம் என்று நாம் யாரும் சொன்னதில்லை.

அன்புக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்கள் அடுத்த சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழில் மூன்று முறையும் "மேய்ப்பாயாக". கிரேக்கத்தில் முதலும் கடைசியும் போஸ்கே, நடுவில் பொய்மாய்னே. இதைக் காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், சொன்னபோது அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் கொழுக்கட்டைப் புல்லை அது தானாகத் தின்னும். "வயிறு நிறைவது ஒன்று, கண்ணு, நொண்டுவதைப் பார்த்து, பட்டிக்கு ஓட்டி, ராத்திரி காவல் கிடப்பது வேறு" என்றார். போஸ்கே என்ற ஏவலின் வினையான போஸ்கோ தீனி கொடுப்பது. இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் அவன் பன்றி மேய்த்ததும் அதே சொல்தான். பொய்மாய்னே என்ற ஏவலின் வினையான பொய்மாய்னோ மேய்ப்பனின் முழு வேலை. வெளிப்படுத்தின விசேஷம் 2:27இல் அது இருப்புக்கோலால் ஆள்வதாகவே வருகிறது.

ஆனால் யோவான் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார் என்று விடைத்தாளில் எழுத எனக்குத் துணிவில்லை. 17ஆம் வசனத்தில் "அறிவீர்" என்பதற்கும் இரண்டு வினைகள் இருக்கின்றன. சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது அவர் கைப்பழக்கம்.

ஆகவே தேர்வு எழுதப் போகிறவர்கள் அகராதியைக் கொஞ்சம் மூடி வையுங்கள். முதலில் ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் ஒத்தவாக்கியத்தை எடுத்து, அதே எழுத்தாளர் அதே சொல்லை எங்கெல்லாம் போடுகிறார் என்று ஒரு தாளில் வசன எண்களோடு எழுதுங்கள். வினைச்சொல்லின் காலம், ஏவல், எண் எல்லாம் அப்புறம். ஒரு வசனத்துக்கு எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. மறுதேர்வில் அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

அப்புச்சி மட்டும் விடவில்லை. ஆடுகளுக்கு முன்னால் குட்டிகளை இயேசு ஏன் சொன்னார் என்று கேட்டார். நுனிநாக்கு வரை ஒரு பிரசங்கம் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, குட்டிக்கு அங்கே வரும் ஆர்னியோன் என்ற சொல்லைத் தேடினேன். யோவான் நற்செய்தியில் அந்த ஓரிடம்தான். புதிய ஏற்பாட்டில் மற்றவை எல்லாம் வெளிப்படுத்தின விசேஷத்தில்.