14 ஜிபி எப்படி 100 ஆயிற்று

பழைய சர்வரில் இருந்த கோப்புறையை ‘டியூ’ கட்டளையால் அளந்தேன். 14 ஜிபி. புதிய சர்வரில் இருந்ததோ 100 ஜிபி டிஸ்க். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வேறு கணினிக்கு நகலெடுக்கும் ‘எஸ்சிபி’ கட்டளையை, உள்ளிருக்கும் கோப்புறைகளும் சேர்ந்து வர ஹைபன் ஆர் போட்டு ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால், டிஸ்கில் இடமில்லை என்று சொல்லி நின்றிருந்தது.

முதலில் டிஸ்கைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதியிட்ட ஒரு கோப்புறை, மொத்தம் 11. ஒவ்வொன்றுக்குள்ளும் படங்களுக்கென்று ஒரு கோப்புறை இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது பொதுவான இடத்தில் கிடக்கும் 9 ஜிபி கோப்புறையைக் காட்டும் சிம்லிங்க், அதாவது முகவரியை மட்டும் வைத்திருக்கும் லிங்க். ‘கடை எதிர்ப்பக்கம் மாற்றப்பட்டுள்ளது’ என்று எழுதித் தொங்கவிடும் அட்டைதான் அது. டியூ அட்டையை அட்டையாகவே எடைபோட்டது. எஸ்சிபியோ ஒவ்வோர் அட்டையையும் படித்து, எதிர்ப்பக்கம் போய், கடையையே பெயர்த்துக்கொண்டு வந்தது. பத்தாவது கடை வந்து இறங்கியதும் டிஸ்க் நிறைந்துவிட்டது. சிம்லிங்குகளைப் பின்தொடர்வேன் என்று அதன் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் அன்றுதான் படித்தேன்.

‘ஆர்சிங்க்’ என்ற இன்னொரு நகல் கட்டளை, ஹைபன் ஏ போட்டால், லிங்கை லிங்காகவே எடுத்துவரும். அதில் வேலை முடிந்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது என்ற தெம்பில் இருந்தேன். மூன்று வாரம்தான்.

அடுத்து இன்னொரு சர்வரில், அதே இயந்திரத்துக்குள், பழைய டிஸ்கிலிருந்து புதிய டிஸ்குக்கு மாற்றம். இந்த முறை ஒரே இயந்திரத்துக்குள் நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளை, ஹைபன் ஏ போட்டு. லிங்குகள் அப்படியே வந்தன. சோதித்தோம், படங்கள் எல்லாம் தெரிந்தன. பத்து நாள் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றிய மறுநிமிடம் ஒரு படமும் இல்லை. லிங்குகளில் எழுதியிருந்தது முழு முகவரி. எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே இருக்கும் ரூட்டிலிருந்து தொடங்கும் பாதை. புதிய டிஸ்கில் உட்கார்ந்துகொண்டு அவை பழைய டிஸ்கையே காட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பத்து நாளில் புதிதாக ஏற்றிய படங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன. “டிஸ்கை அழிக்கவில்லையே?” என்று மட்டும் கேட்டார் எங்கள் மேலாளர். அழிக்கவில்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காததுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த வசதி இந்த சிம்லிங்க். இத்தனை காலத்துக்குப் பிறகும் நகலெடுக்கும் கருவிகள் இதில் ஒத்துப்போவதில்லை. ஒரே சிபியில்கூட பெரிய எல் போட்டால் எல்லா லிங்கையும் பின்தொடரும். பெரிய பி போட்டால் எதையும் தொடராது. பெரிய எச் என்றால் நாம் கட்டளையில் கொடுத்த பெயர்களை மட்டும் தொடரும். எச் எதற்கு என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. மூலக் கோப்புறையின் பெயரே ஒரு லிங்காக இருந்த ஒரு நாளில் விளங்கியது.

பிறகு எங்கள் தேவைக்கு நானே ஒரு சிறிய நகல் நிரலை எழுதினேன். ஒரு கோப்பின் விவரத்தைக் கேட்கும் இடத்தில், ‘எல்ஸ்டாட்’ என்ற அழைப்புக்குப் பதில் ‘ஸ்டாட்’ போட்டுவிட்டேன். முன்னது லிங்கைப் பற்றிச் சொல்லும். பின்னது லிங்க் காட்டும் பொருளைப் பற்றி. தன் தாய்க் கோப்புறையையே காட்டும் லிங்க் ஒன்று இருந்தால் நிரல் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு பாதையில் 40 லிங்குக்கு மேல் போனால் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் மறுத்துவிடும், அதனால் ஒரு லிங்க் என்றால் எப்படியோ நின்றுவிடும். அப்படி இரண்டு இருந்தால் ஒவ்வொரு படியிலும் வழி இரண்டாகப் பிரியும். 40 படிக்குள் லட்சம் கோடிக்கு மேல் பாதைகள். சோதனையில் அதை நிறுத்த நான் கண்ட்ரோல் சியை அழுத்த வேண்டியிருந்தது. இப்போது நுழையும் ஒவ்வொரு கோப்புறையின் டிவைஸ் எண்ணையும் (எந்த டிஸ்க்) ஐநோட் எண்ணையும் (அந்த டிஸ்கில் எந்தக் கோப்புறை) நிரல் குறித்துவைக்கிறது. போகும் வழியில் மேலே அதே ஜோடி ஏற்கெனவே இருந்தால் உள்ளே போகாது.

இப்போதெல்லாம் நகலெடுக்கும் முன் ‘ஃபைண்ட்’ கட்டளையால் லிங்குகளை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு பட்டியலில், வேலையை விட்டுப் போய் நான்கு வருடமான ஒருவரின் ஹோம் கோப்புறையைக் காட்டும் லிங்க் வந்தது. அந்தக் கோப்புறை எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. யாரைக் கேட்டும் அது எதற்கென்று தெரியவில்லை. லிங்கை லிங்காகவே புதிய சர்வருக்கு எடுத்துப்போனேன்.