ஆட்டோவுக்கு 500, பறவைக்கு ஓசி

பொன்னேரி ஆட்டோக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் போன கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பொன்னேரி வரை வந்ததற்கு டீக்காசுதான் ஆனது. பழவேற்காடு பஸ் "இதோ வந்துடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர பஸ் வரவில்லை. வெயில் ஏறிவிடுமே என்ற பதற்றத்தில் ஆட்டோவில் ஏறினால், 400 என்று பேசியவர் இறங்கும்போது 600 கேட்கிறார். காரணம், "ரிட்டர்ன் சும்மா வரணும் சார்". அது எனக்கென்ன சார்? வாய்ச்சண்டை போட்டு 500-க்கு இறங்கினார். அன்றைய பட்ஜெட் அங்கேயே படுத்துவிட்டது.

ஏரிக்கரையில் "போட்டிங் போலாமா" என்று காதோரம் கேட்பார்கள். போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் இது. பூநாரை பார்க்கப் படகே தேவையில்லை, லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் நின்றாலே போதும்.

அப்புறம் அந்தப் பூநாரைகள்! தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது பைனாகுலரில் கால் முளைத்து நிற்கிறது. ஒன்றை மட்டும் விடாமல் பார்த்தேன். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே ஒரே இடத்தைச் சுற்றுகிறது. நாக்கு பம்ப் மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் சின்ன இறாலும் பாசியும் தங்கிவிடும். இளஞ்சிவப்பு நிறமே அந்தத் தீனியில் வருவதுதான், குஞ்சுகள் சாம்பலாகத்தான் இருக்கும். சிறகை விரித்தபோது கருப்பும் சிவப்பும் பளிச்சென்று தெரிந்ததே, அதற்காக ஆட்டோக்காரரைப் பாதி மன்னித்தேன்.

மீதியை மன்னிக்க வைத்தது மதியச் சாப்பாடு. பெயர்ப் பலகைகூட இல்லாத கடை. நண்டு மசாலா, இறால் தொக்கு, அளவில்லாத சோறு. நண்டுக்காலை உடைத்து உறிஞ்சியதில் சட்டையெல்லாம் குழம்பு. சென்னையில் இந்தக் காசுக்கு நண்டின் வாசனைகூடக் கிடைக்காது. டச்சுக் கல்லறை, கோட்டை இருந்த இடம் எல்லாம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்று சொல்கிறேன். பறவைக் கூட்டம் பார்க்கப் பழவேற்காடு போங்கள், வகை வகையான பறவை பார்க்கச் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலமே போதும். மறுநாள் காலை துரைப்பாக்கம் - பல்லாவரம் 200 அடி ரோட்டில் இறங்கினேன். பெருங்குடி குப்பை மேட்டு நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், மஞ்சள் மூக்கு நாரை என்று வரிசையாக நிற்கின்றன. இங்கே கோரை, திறந்த தண்ணீர், வெறும் சேறு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, தண்ணீரும் இடத்துக்கு இடம் ஆழம் மாறுகிறது. குட்டைக்கால் உள்ளான் சேற்று விளிம்பில் கொத்தும், நெடுங்கால் உள்ளான் முட்டளவு தண்ணீரில் நடக்கும், நாமக்கோழி நடு நீரில் மூழ்கி எழும். ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. இலைக்கோழி ஒன்று நீண்ட விரல்களைப் பரப்பி மிதக்கும் இலைமேல் நடந்தது, இலை லேசாக அமுங்கியதே தவிர மூழ்கவில்லை. நீளவால் இலைக்கோழிதான், ஆனால் குளிர்காலத்தில் அந்த வால் இருக்காது, தேடாதீர்கள்.

உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்த்த இடம் இது. அதன் நடுவிலேயே ரோடு, ஓரத்திலேயே குப்பை, சுற்றிலும் ஐடி கட்டடங்கள். வெட்கக்கேடு.

போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், காலை 9 மணிக்கு முன்னால். பைனாகுலர் கட்டாயம், கர்ச்சீப் அதைவிடக் கட்டாயம். பழவேற்காட்டுக்கு பஸ்ஸுக்கே காத்திருங்கள். பள்ளிக்கரணையில் ரோட்டோரம் நிற்கும்போது முதுகுப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும், தண்ணீர் லாரிக்காரர்கள் யாருக்காகவும் பிரேக் போடுவதில்லை.