சிமெண்ட் வைத்தது யார்?

பிலடெல்பியாவின் செஸ்ட்நட் ஹில்லில் வீடு வாங்கியபோது சமையலறையைப் பார்த்தேன், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். முன்தோட்டத்து மண்ணைத் தாங்கி நிற்கும் இடுப்பளவுக் கல் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதல் குளிர்காலம் முடிந்த மார்ச்சில், அந்தச் சுவரின் கற்கள் நொறுங்கிய அப்பளம் போல ஏடு ஏடாக உதிர்ந்து கிடந்தன. ஒரு துண்டை எடுத்தேன். விரலெல்லாம் வெள்ளித் தூள். பக்கத்து ஓடையின் பெயரால் விஸ்ஸாஹிக்கன் ஷிஸ்ட் என்று அழைக்கப்படும் கல் இது. அப்பிரகம் மிகுந்தது. மழை விட்டு வெயில் அடித்தால் தெருவே மினுங்கும்.

இரண்டு மூட்டை சிமெண்டில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒப்பந்தக்காரர் ஒருவர் விலையும் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் கேள்விப்பட்டுப் பதறிப்போய், தனக்குத் தெரிந்த முதியவர் ஒருவரை அனுப்பிவைத்தார். அந்த முதியவரின் தாத்தா இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில், போஃபாப்ரோ என்ற மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்த கொத்தனார். 1884இல் இங்கே இரண்டாவது ரயில் பாதை வந்தபின் ஹென்றி ஹூஸ்டனும், பிறகு அவருடைய மருமகன் ஜார்ஜ் உட்வர்டும் கட்டியெழுப்பிய இந்தப் பகுதியில் அப்படி வந்தவர்களின் கைவேலை நிறைய உண்டு.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வீட்டுச் சாவியால் கல் இடுக்கைச் சுரண்டினார். ஓரிடத்தில் மாவாக உதிர்ந்தது. நாலடி தள்ளிக் கிறீச்சிட்டது.

"சிமெண்ட் வைத்தது யார்?"

நான் இல்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

மண்ணிலிருந்து சுவருக்குள் இறங்கும் ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியே கசிந்து உலர்ந்துவிடுமாம். சிமெண்ட் அடைத்தால் ஈரம் கல்லுக்குள் சிக்கி, குளிரில் உறைந்து, பருத்து, கல்லைப் பிளந்துவிடும். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெடுவதானால் சாந்துதான் கெட வேண்டும், அதை மாற்றிக்கொள்ளலாம் என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பால் கட்டிய பாட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை ஓர் இத்தாலியர் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

ஒப்பந்தக்காரர் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார் முதியவர். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பனி முற்றிலும் நின்ற பிறகே, மே மாதத்தில் தொடங்கினார். இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும் என்று உளியும் சுத்தியலும் மட்டும்தான். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழம் வரை பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் அடைத்தார். அதன்மேல் ஈரச் சாக்கு. அதைக் காயவிடாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அலுவலகக் கூட்டங்களுக்கு நடுவே வாளியோடு ஓடினேன்.

கடைசி நாள், கீழ் வரிசையில் ஒரு கல்லைக் காட்டினார். ஷிஸ்டின் ஏடுகள் படுக்கை வாக்கில் இருக்குமாறு வைக்க வேண்டும். அது மட்டும் செங்குத்தாக நின்றது.

"உங்கள் தாத்தாவா?" என்றேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் வைத்ததாக இருக்கும்" என்றார். மாற்றட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அது ஓர் ஏட்டை உதிர்க்கிறது. மகள் பொறுக்கிப் பென்சில் பெட்டியில் போட்டுக்கொள்கிறாள்.