மீன் பெட்டியில் குஞ்சு பொரிக்கும் வேலை: இதுவரை

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் நாலு சிறுவிடைக் கோழியாவது இருக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாசம். அதுவரை முட்டை கிடையாது. முட்டையை நாம் எடுத்துப் பொரிக்க வைத்து, கோழியை அடை தெளிய விட்டால் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டர் செய்ய இறங்கியது இதற்காகத்தான்.

பெட்டிக்கு அலையவில்லை. மீன்கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, வாடை போக வெயிலில் காயவைத்தேன். உள்ளே இரண்டு 40 வாட் குண்டு பல்பு; ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். சூட்டில் தெர்மாகோல் உருகாமலும் குஞ்சு பல்பைத் தொடாமலும் இருக்க, ஓட்டை போட்ட தகர டின்னைப் பல்புக்கு மேல் கவிழ்த்தேன். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று 12 வோல்ட் அடாப்டரில் நிற்காமல் ஓடும். சூட்டைப் பார்த்துக்கொள்ள டபிள்யூ1209 போர்டு; சென்சார் காட்டும் அளவைப் பார்த்துத் தானே சுவிட்சைப் போட்டு அணைக்கும் சின்ன சர்க்யூட் அது. அது வரும்போது குளிர்விக்கும் 'சி' முறையில் இருக்கும். 'ஹெச்' என்று மாற்றினால்தான் சூடு குறையும்போது பல்பு எரியும். சென்சார் முட்டை மட்டத்தில் தொங்க வேண்டும். அது காட்டும் அளவு சரியா என்று பார்க்க, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையே உள்ளே வைத்துச் சரிபார்த்தேன். நமக்கு வேண்டிய 37.5 டிகிரியை அது துல்லியமாகக் காட்டும்.

இரண்டு பாட்டில் தண்ணீரையும் உள்ளே நிறுத்தியிருக்கிறேன். மூடியைத் திறந்தாலும் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது. கரண்ட் போன நேரத்தில் நான் தவித்ததைப் பார்த்து அம்மா கேட்டார்: "கோழி இரை எடுக்க எழுந்து போவுதே, அப்ப முட்டை ஆறாதா?" சரியான பேச்சு. கொஞ்ச நேரம் ஆறுவதால் கரு செத்துவிடாது. சூடு 40 டிகிரியைத் தாண்டிப் போவதுதான் ஆபத்து.

ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் வட்டம் என்று முட்டையில் பென்சிலால் போட்டு, தினமும் ஐந்து முறை புரட்டினேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால், கரு கூடிய முட்டையில் சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்புகள் தெரியும். எதுவும் தெரியாததை எடுத்துவிட்டேன். 18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்த வேண்டும்.

எல்லோரும் சூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதிகம் வேலை வைத்தது ஈரம். மாசி பங்குனிக் காற்று எங்கள் பக்கம் வறண்டு கிடக்கும். முதல் ஈட்டில் 20 முட்டையில் 14 பொரிந்தது. மீதியில் மூன்று குஞ்சுகள் ஓட்டைக் கொத்திய பின் உள்சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டதால் வெளியே வர முடியவில்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

இரண்டாம் ஈட்டுக்குத் தராசைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். முட்டை 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் இழக்க வேண்டும். 40 கிராம் முட்டை 35 கிராம் அளவுக்கு வர வேண்டும். அதைவிட வேகமாக எடை குறைந்தால் காற்று வறட்சி. அகலமான தட்டில் தண்ணீர் வைக்கிறேன். குறையவே இல்லையென்றால் சின்னத் தட்டு. தண்ணீரின் ஆழம் கணக்கில்லை, பரப்புதான் கணக்கு. மலிவு ஈரப்பதமானி சொல்வதைவிட இந்தத் தராசு சொல்வதைத்தான் நம்புகிறேன். கடைசி மூன்று நாள் ஸ்பாஞ்சையும் நனைத்து வைத்து ஈரத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, காற்றோட்டத் துளைகளை முழுக்கத் திறந்துவிட்டேன். குஞ்சுக்கு அப்போது மூச்சு அதிகம் வேண்டும்.

இந்த முறை ஒரு குஞ்சுகூட ஓட்டில் ஒட்டவில்லை. கொத்த ஆரம்பித்து முழுசாக வெளியே வர 12 மணி நேரம், சிலதுக்கு ஒரு நாள்கூட ஆனது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் உள்ளே நரம்பில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கையை வைக்கக் கூடாது. மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருப்பதால் முதல் நாள் தீனி இல்லாமலே தாங்கும். இறகு உலரும்வரை பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்து, கரண்ட் நீண்ட நேரம் போனாலும் ஓட, பைக் பேட்டரியில் 12 வோல்ட் பல்பு மாட்டிப் பார்க்கப் போகிறேன். கின்னிக் கோழி முட்டையும் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கு 26 முதல் 28 நாள் ஆகும், ஓடும் கெட்டி.